பிளீச்சிங் பவுடரையும் மாத்திரையையும் கிருமி எப்படித் தாங்குகிறது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் என் பெரியம்மா முப்பது வருடமாக மீன் விற்கிறார். விடியற்காலை ஏலம் முடிந்து கூடையோடு வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் இருக்கும் வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கலக்குவார். அன்றைக்கு முழுக்க அந்த ஒரு வாளிதான். அரிவாள்மனையை அலசுவது, மீன் வெட்டும் கட்டையைத் துடைப்பது, கை கழுவுவது எல்லாம் அதில்தான். பத்து மணிக்குப் பார்த்தால் தண்ணீர் சிவந்து, மேலே செதில் மிதக்கும். "பவுடர் போட்டிருக்குல்ல, பூச்சியெல்லாம் செத்துடும்" என்பார்.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். கடல் உணவைப் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன். போன மாதம் பெரியம்மா என்னிடம் கேட்டார். "ஏம்ப்பா, மாத்திரை போட்டுப் போட்டுக் கிருமிக்கு அது பழகிப்போச்சுன்னு டிவியில சொல்றாங்களே, அப்போ இந்தப் பவுடரும் அதுக்குப் பழகிப்போயிடுமா?"

கல்லூரியில் நாங்கள் இந்தக் கேள்விக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று சொல்கிறோம், அது நம் உடம்புக்கு உள்ளது. ஆன்டிபயாடிக் (டிவியில் சொன்ன அந்த மாத்திரை, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) எதிர்ப்புத்திறன் என்று இன்னொன்று சொல்கிறோம், அது கிருமிக்கு உள்ளது. இரண்டிலும் 'எதிர்ப்பு' இருப்பதால் பலரும் குழம்புகிறார்கள். "அவனுக்கு மாத்திரை கேக்காது, உடம்பு பழகிடுச்சு" என்று வீடுகளில் பேசுவது இந்தக் குழப்பத்தால்தான். பழகுவது நம் உடம்பு இல்லை. உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியா மாறியிருக்கிறது. அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கூடச் சாப்பிடாத குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமி வந்து சேரலாம். வேறு எங்கோ, வேறு யார் உடம்பிலோ, ஒரு பண்ணையிலோ மாறிய கிருமி, தண்ணீர் வழியாகவோ சாப்பாடு வழியாகவோ அந்தக் குழந்தையை எட்டிவிடும்.

அடுத்து, பவுடருக்கும் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம். தானே புயலை எங்கள் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் அது கரையைக் கடந்தபோது பலா, முந்திரி, கூரை, கரண்ட் கம்பம் என்று பார்த்துப் பார்த்து அடிக்கவில்லை, எல்லாவற்றையும் அடித்தது. கிருமிநாசினி அப்படிப்பட்டது. பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரின், பாக்டீரியாவின் மேல்தோல், உள்ளே இருக்கும் புரதம், மரபணு என்று கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் சிதைக்கும். ஆன்டிபயாடிக் அப்படி இல்லை, அது ஒரு பூட்டுக்கென்று செய்த சாவி. பென்சிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டும் வேலையை மட்டும் நிறுத்தும். சிப்ரோஃபிளாக்ஸசின் அதன் மரபணு இழையின் முறுக்கைச் சரிசெய்யும் நொதியை மட்டும் முடக்கும். அப்படி ஒரே இடத்தில் வேலை செய்வதால்தான் நம் உடம்பைக் கெடுக்காமல் கிருமியை மட்டும் கொல்ல முடிகிறது. பிளீச்சிங் பவுடரை யாரும் விழுங்க முடியாது.

பூட்டை மாற்றிவிட்டால் சாவி வீண். பாக்டீரியாவுக்கு அது அவ்வளவு கடினமான வேலை இல்லை, மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே சில சமயம் போதும். புயலைத் தாங்குவதற்கு வீட்டையே வேறு மாதிரிக் கட்ட வேண்டும். அதனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் 'எதிர்ப்புத்திறன்' என்கிறோம்; வழக்கமான டோஸ் கொடுத்தாலும் கிருமி சாகாது. கிருமிநாசினி விஷயத்தில் பெரும்பாலும் 'தாங்குதிறன்' என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு செத்துப்போன அளவில் இப்போது சாகாமல் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் சரியான அளவில் அடித்தால் இன்னமும் சாகும்.

சரியான அளவு என்றால் எவ்வளவு? இந்தத் துறையில் பிபிஎம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் மருந்து இருந்தால் ஒரு பிபிஎம். உணவு படும் மேசை, கத்தி, பலகை இவற்றுக்கு 200 பிபிஎம் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. லிஸ்டீரியா என்றொரு பாக்டீரியா இருக்கிறது, ஃபிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் 2017, 2018இல் ஒரு தொழிற்சாலையின் இறைச்சிப் பண்டம் வழியாகப் பரவி இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் உயிரை எடுத்தது. பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி சில பிபிஎம் இருந்தாலே சாதாரண லிஸ்டீரியா வளராது. தாங்குதிறன் உள்ள லிஸ்டீரியா அதைப்போலச் சில மடங்கு வரை சமாளிக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும் 200 எங்கே, அது எங்கே. மேசைமேல் 200 பிபிஎம் ஊற்றினால் இரண்டு வகையும் சாகும்.

அப்படியானால் ஏன் கவலைப்பட வேண்டும் என்றால், 200 ஊற்றிய எல்லா இடத்திலும் 200 இருப்பதில்லை.

பெரியம்மாவின் வாளிக்கே வருவோம். குளோரினுக்கு கிருமி என்றும் மீன் ரத்தம் என்றும் தெரியாது. ரத்தம், செதில், குடல், மண் எது கலந்தாலும் அதோடு மோதித் தீர்ந்துபோகும். காலை ஆறு மணிக்கு வாளியில் ஐம்பது பிபிஎம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம், இரண்டு கூடை சங்கரா வெட்டி முடிப்பதற்குள் அதில் ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம். அதற்குப் பிறகு அந்த வாளி, கிருமியைக் கொல்லும் இடமாக இல்லாமல் ஒரு மீனின் கிருமியை இன்னொரு மீனுக்குக் கொண்டுசேர்க்கும் இடமாகிவிடுகிறது. நடுவில் ஒரு கட்டம் வரும். மருந்து முழுதாகத் தீர்ந்துவிடாமல், கொல்லும் அளவுக்கும் இல்லாமல், அரைகுறையாக இருக்கும் நேரம் அது. என் கவலையெல்லாம் அந்த அரைகுறை நேரத்தின் மேல்தான்.

2015 வெள்ளம் வடிந்தபோது எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் ஈரச் சேற்றின் மேல் வெள்ளைவெளேரென்று பவுடர் தூவிக்கொண்டே போனார்கள். நல்ல மனதோடு செய்த வேலை. பார்ப்பதற்குத் தைரியமாகவும் இருந்தது. ஆனால் சேற்றில் விழுந்த குளோரின் சேற்றோடேயே தீர்ந்துவிடும். அதே பவுடரை அளந்து குடிநீர்த் தொட்டியில் கரைத்து, அரை மணி நேரம் விட்டுக் குடித்திருந்தால் எத்தனையோ வயிற்றுப்போக்கைத் தடுத்திருக்கும். பவுடரில் குறையே கிடையாது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பவர்கள் கையைக் கழுவக் கொடுத்தது கிட்டத்தட்ட இதே பவுடரின் கரைசலைத்தான். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சாகும் அந்த வார்டில் சில மாதங்களில் சாவு ஓரிரண்டாகக் குறைந்தது. கிருமி என்று ஒன்று நோய் தருகிறது என்பதே உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது.

பழகிப்போவதும் பெருகிப்போவதும்

'பழகிப்போச்சு' என்று பெரியம்மா சொன்னதில் பாதிதான் சரி. ஒரே பாக்டீரியா உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வதும் ஓரளவு உண்டு. பெரிய மாற்றம் வருவது வேறு வழியில். கட்டையின் பிளவில் ஒரு லட்சம் பாக்டீரியா இருக்கிறது, அதில் ஒன்றுக்குப் பிறவியிலேயே ஒரு சின்ன மாறுதல், அதனால் மருந்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மருந்து முழு அளவில் வந்தால் அந்த ஒன்றும் சேர்ந்து சாகும். மருந்தே வராவிட்டால், மற்ற கூட்டத்துக்கு நடுவில் அது ஒன்றாகவே கிடக்கும். அரைகுறையாக வந்தால் மட்டும் மற்றவை செத்து, இடமும் இரையும் அந்த ஒன்றுக்குக் காலியாகக் கிடைக்கும்.

நல்ல சூட்டில், நல்ல இரையோடு, ஈ.கோலை போன்ற பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். எட்டு மணி நேரத்தில் 24 முறை. ஒன்று இரண்டாகி, நான்காகி, அந்தக் கணக்கில் போனால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம். ராத்திரி கட்டையைக் கழுவாமல் சாத்தி வைத்துவிட்டுப் போய்க் காலையில் வருவதற்குள் அவ்வளவு. எல்லாம் அந்தத் தப்பிப் பிழைத்ததன் பிள்ளைகள்.

பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே இதை எச்சரித்துவிட்டார். கொல்லப் போதாத அளவு பென்சிலினில் கிருமியை வைத்திருந்தால் அது மருந்தை எதிர்க்கக் கற்றுவிடும், சோதனைச்சாலையில் அதைச் செய்வது கடினமே இல்லை என்றார். மருந்து மக்கள் கைக்கு வந்து சில வருடம்கூட ஆகாத நேரம்.

தண்ணீர் இறைக்கும் படகு

இனிதான் பெரியம்மாவின் கேள்வியின் முக்கியமான பகுதி. பவுடரும் மாத்திரையும் வேறு வேறு என்றால், ஒன்றைத் தாங்கப் பழகிய கிருமி இன்னொன்றையும் ஏன் தாங்க வேண்டும்?

படகில் தண்ணீர் ஏறினால் என்ன செய்வோம்? இறைத்து வெளியே கொட்டுவோம். பாக்டீரியாவும் அதைத்தான் செய்கிறது. அதன் மேல்தோலில் புரதத்தால் ஆன இறைப்பான்கள் உண்டு. உள்ளே நுழையும் நஞ்சை, வேலை செய்வதற்கு முன்பே பிடித்து வெளியே தள்ளிவிடும். இறைக்கிற வாளி, இது அலை அடித்து வந்த தண்ணீரா மழைத் தண்ணீரா என்று பார்க்காது. அதே மாதிரி, பாக்டீரியாவின் சில இறைப்பான்கள் கிருமிநாசினியையும் தள்ளும், ஆன்டிபயாடிக்கையும் தள்ளும், பித்தநீரையும் தள்ளும். அரைகுறைக் கிருமிநாசினியைத் தாங்குவதற்காக ஒரு பாக்டீரியா இறைப்பான்களைக் கூட்டிக்கொண்டால், மாத்திரையையும் இறைத்துக் கொட்டும் ஆற்றல் கூடவே வந்துவிடுகிறது. லிஸ்டீரியாவை பென்சல்கோனியம் குளோரைடில் வளர்த்துப் பார்த்த ஆய்வுகளில், பிழைத்தவற்றில் சில சிப்ரோஃபிளாக்ஸசினுக்கும் முன்னைப்போல மசியவில்லை. மருந்து அளவு கூடினால் இறைப்பான் ஈடுகொடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரலை அடித்தால் எவ்வளவு இறைத்தும் படகு மூழ்கத்தானே செய்யும்.

இரண்டாவது வழி இன்னும் வேகமானது. மீன் கடையில் கூறு கட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு அந்தக் கூறிலிருக்கும் இரண்டு கானாங்கெளுத்தி மட்டும்தான் வேண்டும், ஆனால் கூறாகத்தான் கிடைக்கும், கூட இருக்கும் பொடிமீனும் உங்கள் பைக்குள் வந்துவிடும். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு சின்ன மரபணு வளையம் உண்டு. அதில் பல திறமைகள் ஒன்றாகக் கூறு கட்டியிருக்கும். ஒரு பாக்டீரியா இன்னொன்றைத் தொட்டு, அந்த வளையத்தின் பிரதியை அப்படியே கொடுத்துவிடும். பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அக்கம்பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் கொடுக்கும். கிருமிநாசினியை வெளியே தள்ளும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவும் ஒரே கூறில் இருந்தால், கிருமிநாசினிக்காக அந்தக் கூறு தப்பிப் பிழைக்கும்போது மாத்திரையை எதிர்க்கும் திறமையும் இலவசமாகத் தப்பிவிடுகிறது. இன்டெக்ரான் என்ற மரபணுத் தொகுப்பு ஒன்று உலகமெங்கும் மனிதக் கழிவில், பண்ணையில், ஆற்றில் காணப்படுகிறது. அதில் பென்சல்கோனியம் வகை மருந்துக்கான மரபணுவின் ஒரு துண்டும், சல்ஃபா என்ற ஆன்டிபயாடிக் வகை மருந்தை எதிர்க்கும் மரபணுவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அதைப் படித்தபோது ஒரு பெயர் எனக்கு நினைவுக்கு வந்தது. கெர்ஹார்ட் டோமாக் என்ற ஜெர்மானியர். முதல் சல்ஃபா மருந்தை உலகுக்குக் கொடுத்தவர், அதற்காகவே நோபல் பரிசு பெற்றவர். 1935இல் பென்சல்கோனியம் குளோரைடைக் கிருமிநாசினியாக அறிமுகப்படுத்தியவரும் அவரேதான். ஒரே மனிதர் கொடுத்த இரண்டு மருந்துகளுக்குமான எதிர்ப்பை, பாக்டீரியா ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறது.

மூன்றாவது வழுவழுப்பு. ஐஸ் பெட்டியின் உள்மூலையில் விரலால் தடவினால் வழுக்கும் ஒரு படலம் இருக்குமே, அது பாக்டீரியா தனக்குத் தானே கட்டிக்கொண்ட குடியிருப்பு. அந்தப் படலத்தின் மேலே மருந்து ஊற்றினால் மேல் அடுக்கில் உள்ளவை சாகும், அடியில் இருப்பதற்குச் சொட்டுச் சொட்டாக, நீர்த்துப்போன மருந்து போய்ச் சேரும். நான் முன்பு சொன்ன அரைகுறை அளவு தானாகவே உண்டாகும் இடம் இது. பல இனங்கள் நெருக்கமாக ஒட்டிக்கிடப்பதால் கூறு மாற்றிக்கொள்ளவும் வசதி. பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் படலம் போகும். எந்த மருந்தும் பிரஷுக்கு ஈடு இல்லை.

பண்ணையிலிருந்து வயிறு வரை

பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் 'பி.கே.சி' என்று கேட்டால் உடனே தெரியும். அது இதே பென்சல்கோனியம் குளோரைடுதான். குளத்தில் கிருமி கூடினால் ஊற்றுவார்கள். அத்தனை தண்ணீரில் கரைந்ததும் அதன் அளவு மிகவும் குறைந்துவிடும். அதோடு யாராவது தெரியாமல் ஆன்டிபயாடிக்கையும் தீவனத்தில் கலந்தால் இரண்டு அழுத்தமும் ஒரே குளத்தில் சேர்கின்றன. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சரக்கில் துளி இருந்தாலும் பெட்டி திரும்பி வரும். கோழி, ஆடு, மீன் என உணவுக்காக வளர்ப்பவற்றில் கொலிஸ்டின் மருந்தை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது. வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கு ஐசியு வார்டில் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது, அதைக் கோழி கொழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தடை வந்த நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மருந்து கைவிட்டுப் போவதை நம் பக்கத்திலேயே பார்த்தாகிவிட்டது. டைஃபாய்டு, அசுத்தமான தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும் நோய். குளோராம்ஃபெனிகால் வந்த பிறகு அது குணமாகும் காய்ச்சலாக மாறியது. 1972இல் கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. பிறகு சிப்ரோஃபிளாக்ஸசின் வந்தது. இன்று இந்தியாவில் பெரும்பாலான டைஃபாய்டு கிருமிகளிடம் அதுவும் சரியாக எடுபடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த மருந்து கூடுதல் விலை, சில சமயம் ஊசி வழியாக மட்டும்.

பெரியம்மா இந்த இடத்தில் பயந்துவிட்டார். "அப்போ மீனே சாப்பிடக் கூடாதா?" என்றார். அப்படி இல்லை, பெரியம்மா. மாத்திரைக்கு அடங்காத கிருமியும் கொதிக்கும் குழம்பில் சாதாரணக் கிருமியைப் போலவே சாகும். சூட்டை இறைத்து வெளியே கொட்ட முடியாது. உள்வரை 70 டிகிரி சூடு ஏறினால் போதும். ஆபத்து குழம்புச் சட்டியில் இல்லை, பச்சை மீன் வெட்டிய அதே பலகையில் அலசாமல் வெங்காயமும் வெள்ளரியும் நறுக்குவதில்தான் இருக்கிறது.

வாளிக்கு என்ன செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புதிதாக உடைத்த நல்ல பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு முப்பது பங்கு குளோரின் இருக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 200 பிபிஎம் வேண்டுமென்றால் 2 கிராம் குளோரின், அதாவது ஏறக்குறைய 7 கிராம் பவுடர். கரைத்துச் சற்றுநேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும். இது கட்டைக்கும் கத்திக்கும் உண்டான அளவு, மீனை இதில் முக்கக் கூடாது. ஆனால் மருந்தைவிட முறைதான் பெரிது. முதலில் வெறும் தண்ணீரும் சோப்பும் பிரஷும் போட்டு ரத்தத்தையும் செதிலையும் நீக்க வேண்டும். சோப்பை நன்றாக அலசிவிட வேண்டும். அதற்கு அப்புறம்தான் மருந்துத் தண்ணீர், அதுவும் ஊற்றிய உடனே துடைக்காமல் ஐந்து பத்து நிமிடம் ஊற வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். கட்டை காய்ந்து கிடந்தால் கிருமிக்குப் பெருகத் தண்ணீர் இல்லை, அந்த ராத்திரிக் கணக்கு நடக்காது. இந்தப் பவுடரை கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருநாளும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும்.

மாத்திரைக்கும் இதே நியாயம்தான். வயிற்றுப்போக்கு வந்ததும் மெடிக்கலில் "ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கி, நின்றதும் நிறுத்துவது, வாளியில் போடும் சிட்டிகை மாதிரியே. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் தண்ணீரே போதும். ரத்தம் போனால், காய்ச்சல் விடாவிட்டால், குழந்தை துவண்டால் மருத்துவரிடம் போக வேண்டும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து. அவர் எழுதிக் கொடுத்தால் எத்தனை வேளை, எத்தனை நாள் என்றாரோ அத்தனையும் சாப்பிட வேண்டும்.

போன வாரம் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். பெரியம்மாவிடம் இப்போது இரண்டு வாளி. ஒன்று அலசுவதற்கு, சிவந்ததும் கொட்டிவிடுகிறார். இன்னொன்று மருந்துத் தண்ணீர், மூடி போட்டது. கடற்கரை ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் பவுடரின் வீரியம் இறங்கிப்போகும் என்று சொல்லியிருந்தேன். காகிதப் பொட்டலத்திலிருந்து அதை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மேலே வாங்கிய தேதியை ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை அக்கா கை நீட்டி ஒரு சிட்டிகை கேட்டார். பெரியம்மா அளவுக் கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.